வட்டத்துக்கு வெளியே ஒரு கிளி

என் அண்ணன் ஒரு கூண்டைப் போர்வையால் மூடித் தூக்கிக்கொண்டு என் வீட்டுப் பின்கதவு வழியாக வந்தான். முன்கதவு திறந்துதான் கிடந்தது. பட்டப்பகல் வேறு. அவன் பின்பக்கமாகப் பதுங்கி வந்ததைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு என் நாள் என்று.

"பாப்பா, ஒரு உதவி வேணும்," என்றான்.

"சொல்லுங்க சார்," என்றேன்.

நான் அவனைச் சார் என்று கூப்பிட ஆரம்பித்து நான்கு வருஷம் ஆகிறது. என் கோழிகளை அவன் கொன்ற நாளிலிருந்து. வேலை இடத்தில் மட்டுமல்ல, வீட்டில் உறவுக்காரர்கள் முன்னாலும் சார்தான். ஒவ்வொரு தடவையும் அவனுக்குச் சுருக்கென்று தைக்கும். தைக்கட்டும் என்றுதானே கூப்பிடுகிறேன்.

அண்ணன் கால்நடைத் துறையில் பெரிய அதிகாரி. பறவைக் காய்ச்சல் வந்துவிட்டால் அவன் வைத்ததுதான் சட்டம். செத்த பறவை கிடைத்த இடத்தை நடுவாக வைத்து வரைபடத்தில் ஒரு வட்டம் போடுவான். வட்டத்துக்குள் இருக்கிற கோழி, வாத்து, புறா, கூண்டுக்கிளி எதுவும் மிஞ்சக் கூடாது. ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தால் அதற்குள் நோய் அடுத்த ஊருக்குப் போய்விடும். உள்ளே இருக்கிற பறவையை யாராவது வெளியே கடத்தினால் அது எல்லாவற்றையும் விடப் பெரிய குற்றம். கடத்திய பறவை போய்ச் சேர்ந்த இடத்தில் இன்னொரு வட்டம் போட வேண்டியதாகிவிடும் இல்லையா.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்த வட்டத்தின் கோடு என் கோழிக்கொட்டகை மேல் விழுந்தது. பாதிக் கொட்டகை உள்ளே, பாதி வெளியே. வெளியே இருக்கிற பாதியையாவது விட்டுவிடு என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "கோடு தொட்டா உள்ளதான்," என்றான். அத்தனையும் முட்டைக்கோழி. நானும் என் வீட்டுக்காரரும் குஞ்சாக வாங்கி வளர்த்தவை. ஒன்றுக்குக்கூட ஒரு தும்மல் கிடையாது. ஊரில் எங்கள் கொட்டகையைத்தான் அவன் முதலில் காலி பண்ணினான். சொந்தத் தங்கச்சி பண்ணையா சார் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். "தங்கச்சி கோழிக்குன்னு தனி எடை கிடையாது. எனக்கு எல்லாம் ஒரே கணக்குதான்," என்றான். மறுநாள் பேப்பரில் படத்தோடு வந்தது. சோதனை முடிவு அதற்கப்புறம் வந்தது. வட்டத்துக்கு நடுவே செத்துக் கிடந்த பறவை எலிமருந்தைத் தின்று செத்திருந்தது. காய்ச்சலே இல்லை.

நான் அவனிடம் வேறெதுவும் கேட்கவில்லை. "தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்," என்றேன். "கையில இருந்த தகவலுக்கு அதுதான் சரி பாப்பா. நாளைக்கே வந்தாலும் அதையேதான் செய்வேன்," என்றான். அந்த ஒரு வார்த்தையை அவன் வாயிலிருந்து பிடுங்க வேண்டும் என்பதைத் தவிர இந்த நான்கு வருஷத்தில் எனக்கு வேறு ஆசையே இல்லை.

வீட்டில் அவனுக்குத் தராசு என்று பட்டப்பெயர். சின்ன வயதிலேயே அப்படி. அம்மா ஒரு பழத்தைக் கொடுத்துப் பங்கு போடச் சொன்னால் எனக்கு ஒரு துண்டு, அவனுக்கு ஒரு துண்டு, வாசலில் கேஸ் சிலிண்டர் இறக்க வந்தவருக்கும் அதே அளவில் ஒரு துண்டு. "அவரு யாரோ, நான் உன் தங்கச்சி" என்று நான் தரையில் புரண்டு அழுதால், "அவருக்கும் நாக்கு இருக்குல்ல" என்பான். அம்மாவுக்கு அதில் பெருமை தாங்காது. அப்போதே முதுகில் ரெண்டு வைத்திருந்தால் என் கோழிகள் பிழைத்திருக்கும்.

கொட்டகை போன பிறகு என் வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கப் போனார். நான் அண்ணன் துறையிலேயே பறவை பிடிக்கிற குழுவில் சேர்ந்தேன். காய்ச்சல் வந்தால் கூப்பிடுவார்கள். வெள்ளை உடையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பறவைகளைப் பிடித்து மூச்சை நிறுத்துகிற வாயுப் பெட்டிக்குள் வைத்து மூட வேண்டும். உனக்குப் பைத்தியமா என்று கேட்காத ஆளில்லை. என் கோழிகளைக் காலைப் பிடித்துத் தலைகீழாக அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தவள் நான். இறக்கையை உடம்போடு அணைத்து, நெஞ்சுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினால் அது பயப்படாமலாவது போகும். அது ஒரு காரணம். பயிற்சி வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து அவனைக் கண்கொட்டாமல் முறைத்துக்கொண்டிருக்கலாம் என்பது இன்னொரு காரணம்.

அந்த வகுப்பில் அவன் தத்துவமெல்லாம் பேசுவான். ஒரு காரியம் சரியா தப்பா என்று பார்க்க வழிகள் உண்டாம். சில பேர் விளைவைப் பார்ப்பார்களாம், கூடுதல் பேருக்குக் கூடுதல் நன்மை எதில் என்று. சில பேர் கடமையைப் பார்ப்பார்களாம், வானமே இடிந்து விழுந்தாலும் பொய் சொல்லக் கூடாது, கொடுத்த வாக்கை மீறக் கூடாது என்று. இன்னும் சில பேர், இதைச் செய்தால் நான் எப்படிப்பட்ட மனுஷனாக ஆவேன் என்று யோசிப்பார்களாம். "நம்ம வேலைக்கு முதல் வழிதான் சரிப்படும். மத்ததை வீட்டுல வெச்சுக்குங்க," என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

அப்பேர்ப்பட்டவன்தான் இப்போது என் சமையலறை மேஜை மேல் கூண்டை வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான்.

"கதவைச் சாத்துங்க, தூசி வருது," என்றது போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து கதவுப்பக்கம் நாலடி வைத்துவிட்டார். பிறகு அப்படியே நின்றார். அது எங்கள் அண்ணியின் குரல். அண்ணி இறந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது.

சாம்பல் கிளி. அண்ணி படுக்கையில் கிடந்த காலமெல்லாம் அவளுக்குத் துணை அதுதான். அவள் பேச்சு, அவள் சிரிப்பு, சிரிப்பின் கடைசியில் வருகிற இருமல் வரைக்கும் அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது. தினமும் காலையில் "மாத்திரை போட்டீங்களா?" என்று அண்ணனைக் கேட்குமாம். அவனும் போட்டுட்டேன் என்று பதில் சொல்வானாம். எனக்கும் அந்தக் குரல் என்றால் உயிர். என் கொட்டகை காலியானபோது உறவில் எட்டிப் பார்த்தவள் அண்ணி ஒருத்திதான். வெறுந்தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, புருஷனைத் திட்டித் தீர்த்து, என்னைவிட அதிகமாக அழுதாள்.

"வட்டம் போட்டாச்சா?" என்று கேட்டேன்.

"காலையில போட்டேன். எங்க தெரு உள்ள வருது."

"கோடு தொடுதா, இல்ல நல்லாவே உள்ளயா?"

"நல்லாவே உள்ள." அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உன் வீடு வெளிய இருக்கு. நாலு வாரம் வெச்சுக்க. யாருக்கும் தெரியாது."

எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்துவிட்டது, என் மேஜை மேலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "உக்காருங்க சார். கணக்கைச் சொல்லுங்க, கேப்போம். வகுப்புல சொல்லித் தர்ற மாதிரி."

"விளையாடாத பாப்பா."

"யாரு விளையாடறது? விளைவு என்ன, சொல்லுங்க."

சொன்னான், பாவம். ஒரே ஒரு கிளி. வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை. வேறு பறவையோடு சேர்ந்ததில்லை. நோய் இருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். ஆனால் அது போய்விட்டால் அவனுக்கு இருக்கப்போவது வெறும் வீடு.

"எங்க கோழியும் கொட்டகைய விட்டு வெளிய போனதில்லையே," என்றேன். "சரி, அதை விடுங்க. பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது அவனுக்கு. எங்கள் பக்கத்து வீட்டில் வாத்துக்காரி இருக்கிறாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவன். ரெண்டு பிள்ளைகளை வாத்து முட்டையை வைத்துத்தான் படிக்க வைக்கிறாள். அவள் வாத்துகள் குளத்துக்குப் போகும்போதும் வரும்போதும் இதே சமையலறை ஜன்னலுக்குக் கீழேதான் வரிசையாகப் போகும்.

"இந்தக் கிளிக்கு நோய் இருந்தா அடுத்த வட்டம் என் வீட்டை நடுவா வெச்சுப் போடுவீங்க. அவ வாத்து அத்தனையும் போகும். உங்க கணக்குல அவ எங்க சார்? உங்க பங்குல சிலிண்டர்காரருக்கெல்லாம் ஒரு துண்டு இருந்துச்சே."

அவன் நிஜமாகவே அவளை எண்ணவில்லை. ஊரையே எண்ணுகிற ஆள், ஒரு தெருவை எண்ண மறந்திருக்கிறான். கூண்டுப் போர்வையின் ஓரத்தை இழுத்து விட்டான். பிறகு மெதுவாக, "உன் அண்ணிக்கு வாக்குக் குடுத்திருக்கேன். கிளியக் கடைசி வரைக்கும் பாத்துக்கறேன்னு," என்றான்.

"அம்மாவுக்கும்தான் குடுத்தீங்க, தங்கச்சியப் பாத்துக்கறேன்னு. வாக்கெல்லாம் எப்போ சார் உங்க கணக்குல சேர்ந்துச்சு?"

"மச்சான் மேல உனக்கு இருக்கிற கோபத்தை அந்த வாயில்லா ஜீவன் மேல காட்டாத," என்றார் என் வீட்டுக்காரர்.

"அதுக்கா வாயில்ல?" என்றேன். போர்வைக்குள் அண்ணி சிரித்தாள், கடைசியில் இருமினாள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போதும் நினைக்கவில்லை. "ஒரே ஒரு வழி இருக்கு. என் கோழிங்க விஷயத்துல நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லுங்க. என் வீட்டுக்காரர் முன்னால சொல்லுங்க. கிளி இங்கயே இருக்கட்டும். யார் கேட்டாலும் என் வாயத் திறக்க மாட்டேன்."

"அப்போ வாத்து?" என்றார் வீட்டுக்காரர்.

வாத்துக்காரிக்காக நீதி கேட்டவள்தான் ஒரு வார்த்தைக்கு அவளை விற்கத் துணிந்தாள், அதே இடத்தில் நின்றுகொண்டு. அது எனக்கே தெரிந்தது. தெரிந்தும் அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் கூண்டைப் பார்த்தான், என் வீட்டுக்காரரைப் பார்த்தான். வெறும் பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம்; எனக்கு அது போதும். சொல்லித் தொலைத்திருந்தால் கூண்டை உள் அறையில் வைத்துவிட்டு அவனுக்கு ஒரு வாய் சோறுகூடப் போட்டிருப்பேன்.

"அது தப்பில்ல பாப்பா," என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது. "எத்தனை தடவை யோசிச்சாலும் அது தப்பில்ல. இப்போ நான் செய்யறேன் பாரு, இதுதான் தப்பு."

நான்கு வருஷம் காத்திருந்த வார்த்தை. சொல்லிவிட்டான், ஆனால் வேறொன்றின் தலையில் வைத்துச் சொன்னான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. கூண்டைத் தூக்கிக்கொண்டு நேராக அவன் காருக்குப் போய் முன் இருக்கையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். "வண்டிய எடுங்க. நீங்களே கொண்டு போய் உங்க ஆளுங்ககிட்டச் சொல்லுங்க. இல்லேன்னா நான் போன் பண்ணிச் சொல்றேன்."

என் வீட்டுக்காரர் செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடி வந்தார். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "வாத்துக்காகப் போறியா, உனக்காகப் போறியா?" என்று கேட்டார்.

"எதுவா இருந்தா என்ன?" என்றேன்.

"வித்தியாசம் இருக்கும்மா," என்றார்.

கார் கிளம்பியது. வழியெல்லாம் கிளி பேசிக்கொண்டே வந்தது. மாத்திரை போட்டீங்களா என்றது. அண்ணன் பழக்கதோஷத்தில் "போட்டுட்டேன்" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இளகிவிடக் கூடாது என்று என் செத்த கோழிகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தேன். அவற்றில் சிலதுக்கு நான் பெயர்கூட வைத்திருந்தேன்.

வட்டத்தின் ஓரத்தில், தார்ச்சாலை நடுவே, இரும்புத் தடுப்பு வைத்து எங்கள் குழு நின்றிருந்தது. பக்கத்தில் வாயுப் பெட்டியோடு வண்டி. அண்ணன் காரைப் பார்த்ததும் சல்யூட் அடித்துத் தடுப்பை நகர்த்தினார்கள். அவன் கார் அது. யார் சோதிப்பார்கள்? அப்படியே உள்ளே போய்விடலாம். அவன் என்னைப் பார்த்தான். நான் கண்ணாடியை இறக்கினேன்.

சின்ன டாக்டரம்மா குனிந்து பார்த்தாள். அண்ணனுக்குக் கீழே வேலை பார்ப்பவள், அவன் சொன்னதையெல்லாம் வேதமாக நினைப்பவள். "என்ன சார் இது?"

"உள்ளேருந்து நான்தான் வெளிய கொண்டு போனேன்," என்றான் அண்ணன். "திரும்பக் கொண்டு வந்திருக்கேன். என் பேர்ல எழுதிக்கோ."

"சார், நான் பாக்கலைன்னு வெச்சுக்கறேன். நீங்க வீட்டுக்குப் போங்க சார்," என்று கிசுகிசுத்தாள்.

"எழுதும்மா," என்றான். விசாரணை வரும், நாற்காலி போகும் என்று அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். குழுவில் இருந்த எல்லாரும் வேறு எங்கோ பார்த்தார்கள். இதைத்தான் நான் கேட்டேன். இதற்குத்தான் இத்தனை வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்தேன். இனிக்கத்தான் செய்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"அக்கா, நீங்களே எடுத்துடுங்க. உங்க கைன்னா பயப்படாது," என்றாள் சின்ன டாக்டரம்மா.

இதை நான் யோசிக்கவே இல்லை. வேறு யாராவது எடுப்பார்கள், நான் தள்ளி நின்று அவன் முகத்தைப் பார்ப்பேன் என்று இருந்துவிட்டேன். மாட்டேன் என்று சொல்ல எந்த வாயை வைத்துச் சொல்வது? வெள்ளை உடையை மாட்டினேன். முகமூடி, கையுறை எல்லாம் போட்டேன். போர்வையை விலக்கிக் கூண்டுக் கதவைத் திறந்து, வா என்றேன்.

பிடிக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. உடையைப் பார்த்து மிரளும் என்று நினைத்தேன். குரலைக் கேட்டதும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, அதுவாகவே என் மணிக்கட்டில் ஏறி உட்கார்ந்தது. "வாடி குட்டி. சாப்பிட்டியா?" என்றது.

அண்ணி என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். வேறு யாரும் கூப்பிட்டதில்லை.

இறக்கையை உடம்போடு அணைத்தேன். நெஞ்சுக்கு அடியில் கை கொடுத்தேன். பெட்டிக்குள் வைத்து நானே மூடியை மூடினேன். வாயுக் குழாயை யாரோ திருகினார்கள். உள்ளே ஒரு தடவை இருமல் சத்தம் கேட்டது. அது கிளியின் இருமலா, அண்ணியின் சிரிப்புக்கு அப்புறம் வருகிற இருமலா என்று தெரியவில்லை. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணன் சாலை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து, சின்னப் பையன் மாதிரி வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான். அவன் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. அண்ணி போன அன்றைக்குக்கூட வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தவன். நான் முகமூடியைக் கழற்றிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றேன். என் முகமும் நனைந்துதான் இருந்தது. அவன் என்னைத் திட்டுவான், நாசமாய்ப் போவாய் என்பான், அறையக்கூடச் செய்வான் என்று காத்திருந்தேன். அப்படி ஏதாவது செய்தால் நாங்கள் ரெண்டு பேரும் சமம். அங்கேயே அவனைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

அவன் அழுதுகொண்டேதான் இருந்தான், எனக்குத் தாங்கவில்லை. "எதுக்காகச் செஞ்சேன்னு தெரியுமா உனக்கு?" என்று கத்தினேன். "வாத்துக்காக இல்ல. ஊருக்காக இல்ல. உன்ன இப்படி அழ வெக்கணும்னுதான் செஞ்சேன். கேட்டுக்க. பழி வாங்கத்தான் செஞ்சேன்."

அவன் தலை நிமிர்ந்தான். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தின் நிழல்கூட இல்லை.

"தெரியும்," என்றான். "எதுக்காகங்கறது கணக்குல வராது பாப்பா. இனி உன் தெருவுல யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நீ செஞ்சது சரி."

என் தலையில் கை வைத்துவிட்டு எழுந்து, காரை எடுக்காமல், தடுப்பைத் தாண்டித் தன் வீட்டுப் பக்கம் நடந்து போனான். சாவியைக்கூட மறந்துவிட்டான். ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. சரி என்று என்னைச் சொல்ல இவன் யார்? நான்கு வருஷமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த என் பழியை ஒரு நல்ல காரியம் என்று சொல்லித் தன் பக்கம் எடுத்துக்கொண்டு போகிறானே.

"அக்கா, இருட்டறதுக்குள்ள இந்தத் தெருவ முடிக்கணும்," என்று சின்ன டாக்டரம்மா கூப்பிட்டாள். நான் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டேன். அவனை மறுபடி வெறுக்க ஏதாவது ஒரு வழி கிடைக்காதா என்று தேடிக்கொண்டே முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.